மேற்குப் பக்கத்து மதில்

9 ஜூன், திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை ஆபீஸுக்கு வர ஒரு மணி நேரம். குடை வீட்டிலேயே.

இந்த நோட்டு கோச் கொடுத்த வீட்டுப்பாடம். திருவனந்தபுரத்துக்காரர், வக்கீல் ஆபீஸ்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கிறவர். பார்ட்னர் ஜெயசிங் பிடித்துக்கொண்டு வந்தான். மூன்று வருடத்தில் நான்கு ஜூனியர்கள் போய்விட்டார்களாம், காரணம் என் வாயாம். பிறர் பேசும்போது எத்தனை முறை குறுக்கே விழுகிறேன் என்று ஒரு வாரம் எண்ண வேண்டும். இதை யாரும் படிக்கமாட்டார்களாம்.

குறுக்கே பேசியது: 11. மதியம் வரை. பிறகு எண்ணவில்லை.

இன்னொரு வீட்டுப்பாடம்: ஆபீஸில் ஐந்து பேருக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். 'மேடத்திடம் சொல்ல முடியாத ஒன்றை எழுதுங்கள்', பெயர் வேண்டாம். மூன்று வெற்றுச்சீட்டு. ஒன்றில் பாத்ரூம் தாழ்ப்பாள். ஐந்தாவது மலையாளத்தில்: தெரியாது என்று சொல்ல முடியாது.

எரிச்சல். தெரியாது என்று சொன்னால் கொன்றா போடுவேன்? யார் கையெழுத்து என்று அரை மணி நேரம் பார்த்தேன். பிடிபடவில்லை. (கோச்சிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

10 ஜூன், செவ்வாய்

வாங்க: பிரஷர் மாத்திரை, டோனர், தாழ்ப்பாள்.

பத்து மணிக்குக் குளத்தூர் தங்கமணி போன். அவர் வீட்டு நடைவழியை அண்டை வீட்டுக்காரர் அடைக்கக் கூடாது என்று போன வாரம்தான் தடையுத்தரவு வாங்கிக் கொடுத்தோம். அந்த வழியில்தான் வாரம் இரண்டு நாள் ஆட்டோ வந்து அவர் கணவரை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போகிறது.

"வக்கீலம்மா, அவன் மதிலு கெட்டுகான். ஆர்டர் உண்டுன்னு காட்டினேன். வாசிச்சிட்டு சிரிக்கான். இது கெழக்குப் பக்கத்துக்காக்கும், நான் கெட்டுகது மேக்குலன்னு சொல்லுகான்."

ஆதாரத்தை (இங்கே நிலப் பத்திரத்துக்கு அதுதான் பெயர்) எடுத்துப் பார்த்தேன். தங்கமணியின் மாமனார் நிலம் வாங்கிய பத்திரம், இந்த எல்லைப்பக்கத்துப் பழைய வழக்கப்படி தமிழில், பழைய கையெழுத்தில். 'மேற்கே நடைவழி' என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் மனுவில் கிழக்கு. கேட்டதைத்தான் கோர்ட் கொடுத்திருக்கிறது.

மனு எழுதியது ஜூனியர் பிரின்சி. பொழியூர்ப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர், அவர்கள் தெருவில் முதல் வக்கீல். ஆபீஸிலேயே நல்ல மூளை. கூப்பிட்டுக் கத்தினேன். வெளியே டைப்பிங் சத்தம் நின்றுவிட்டது.

குறுக்கே பேசியது: எதிரில் யாரும் பேசினால்தானே எண்ண.

11 ஜூன், புதன்

மழை விட்டுவிட்டது. பெய்து தொலைத்தால் மதில் வேலையாவது நிற்கும். தங்கமணி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் முழங்கால் உயரம்.

மதியம் பிரின்சி தானாகவே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"மேடம், எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவேன், அவ்வளவாக்கும். படிச்சதெல்லாம் மலையாளத்துல."

அண்டை வீட்டுக்காரரின் ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது. அதில் கிழக்கே ஒரு வழி; அவருக்குக் கிழக்கு, தங்கமணிக்கு மேற்கு. அதை வைத்து ஊகித்து எழுதியிருக்கிறாள். குமாஸ்தா ஸ்டீபன் அண்ணனிடமாவது வாசிக்கக் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"அண்ணன் அத உங்ககிட்ட சொல்லிட்டாருன்னா?"

ஐந்தாவது சீட்டு இவளுடையதுதான். கேட்கவில்லை, வெட்கமாக இருந்தது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மனுவின் அடியில் என் கையெழுத்து. ஆதாரத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

போகும்போது மேசையில் ஒரு கவரை வைத்தாள். பிரிக்கவில்லை. இதற்கு முன் நான்கு ராஜினாமாக் கவர் வாங்கியவளுக்கு உள்ளே என்ன என்று தெரியாதா? இவளும் போனால் தாங்கமாட்டேன்.

12 ஜூன், வியாழன்

மனுவைத் திருத்த ஒரு பெட்டிசன், மதிலை நிறுத்த ஒரு அவசரப் பெட்டிசன். பிழை எப்படி வந்தது என்று சத்தியவாக்குமூலம் வேண்டும். அதற்கு எல்லா வக்கீல் ஆபீஸிலும் ஒரே காரணம்தான்: குமாஸ்தாவின் டைப்பிங் பிழை.

ஸ்டீபன் அண்ணன் தயாராக நின்றார். "எனக்க தலையில போடுங்க மேடம். இருவது வருஷமா நான்தானே தப்பா அடிக்கேன்."

ஜெயசிங்கும் அதையே சொன்னான். "போடுங்க சேச்சி. ஜட்ஜ் அதையெல்லாம் நோக்கமாட்டாரு."

போடவில்லை. நானே கைப்பட எழுதினேன்: 'எனது ஜூனியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் நேர்ந்த பிழை.' உண்மையைத்தானே எழுதினோம் என்று பெருமைகூட. சரிபார்க்கச் சொல்லி பிரின்சியிடமே கொடுத்தேன்.

சாயங்காலப் படம்: இடுப்பு உயரம். ஆட்டோ நுழையும் இடைவெளி மட்டும் மிச்சம். நாளை அதையும் மூடிவிடுவான். சனிக்கிழமை டயாலிசிஸ்.

குறுக்கே பேசியது: 6.

13 ஜூன், வெள்ளி

எட்டரைக்கே ஆபீஸ். மூட்டம்.

பிரின்சி தாளோடு வந்தாள். உட்காரவில்லை.

"நாலாம் பாரா தப்பு மேடம்."

இந்த மேசைக்கு முன்னால் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். மூடினேன்.

"தமிழ் தெரியாததினால வந்த பிழை இல்ல இது. தெரியாதுன்னு உங்ககிட்ட சொல்லப் பயந்ததினால வந்தது. அப்படி எழுத முடியாதுன்னா என்னைய அதுலேருந்து எடுத்துருங்க."

ஸ்டீபன் அண்ணன் வாசலில் நின்று, "டைப் அடிக்கட்டா மேடம்?"

பாதி கோபம். பாராவை வெட்டி எழுதினேன்: 'மூல ஆதாரத்தை வாசிக்காமல் நான் கையெழுத்திட்டதே காரணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என் அலுவலகத்தில் நான் இடம் கொடுத்ததில்லை.' இரண்டாவது வரி கோர்ட்டுக்குத் தேவையில்லை என்று அவளே வெட்டிவிட்டாள். சரிதான்.

பதினொன்றேகால். ஜட்ஜ் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எதிர்வக்கீல் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. வாதாட பிரின்சியை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தேதியைத் தேடித் தடுமாறினாள். எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. அவளே கண்டுபிடித்தாள்.

உத்தரவு: மதில் இப்போது இருக்கிறபடியே நிற்க வேண்டும். தங்கமணி போனில் அழுதார். "ஆட்டோக்குள்ள இடம் உண்டு வக்கீலம்மா."

குறுக்கே பேசியது: 1. தொண்டையோடு நின்றது, இருந்தாலும் கணக்கில் சேர்க்கிறேன்.

திரும்பும் வழியில் மறுபடி மழை. காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கவரைத் திரும்ப எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது மேடம்."