பார்சிலோனாக் கடற்கரையில் ஒரு காவல்

இஞ்சாருங்கோ,

இன்று மகள் என்னை மெல்பேர்னில் ஒரு கடற்கரைக்குக் கூட்டிவந்தாள். சன்ஸ்கிரீன் போத்தலைத் திறந்தவுடன் அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள், பார்சிலோனாக் கடற்கரையில் கழுத்துவரை பூட்டிய அதே முழுக்கைச் சட்டையோடு.

எள் போட இடமில்லாத அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு எல்லாரும் கள்ளர். பாய் விற்க வந்தவர், பந்து விளையாடிய பையன்கள், ஒருவரும் தப்பவில்லை. இங்கே மெல்பேர்னில் நோபல் பார்க் வீட்டில் விட்டுவரப் பயந்துதான் என் தாலிக்கொடியைப் போட்டபடியே அந்தப் பயணத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே பயம் இன்னும் கூடிவிட்டது. அதைக் கழற்றச் சொல்லி, உங்கள் கழுத்தில் போட்டுச் சட்டையைப் பூட்டிக்கொண்டீர்கள். தாலி கட்டியவரே தாலி போட்டுக்கொண்டு நின்றது கண்கொள்ளாக் காட்சி. நான் சிரித்ததற்கு முறைத்தீர்கள்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "வந்த நேரந்தொட்டு ஒரு பக்கத்தையேதான் வாசிக்கிறான். ஆளை நம்பேலாது" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம்தான். எங்கள் பையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் எங்களைக் குளிக்கப் போகும்படியும் அவர் கையால் காட்டினார். அதோடு உங்களுக்கு உறுதியாகிவிட்டது.

கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் நாங்கள் சேர்ந்து ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை. ஒருவர் இறங்கினால் மற்றவர் பைக்குக் காவல். அன்றைக்காவது வரச் சொல்லிக் கெஞ்சினேன். நீங்கள் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு நான் பெரிசோ, நகை பெரிசோ?"

"ரெண்டு பேரும் இறங்கினா உம்மை ஆர் பாக்கிறது?" என்றீர்கள்.

நான் நம்பவில்லை. நகையைக் காக்கச் சொன்ன சாட்டு என்று கோபத்தோடு தண்ணீருக்குள் போனேன். திரும்பிப் பார்த்தால், அந்தக் கிழவரும் குளிக்க வந்துகொண்டிருந்தார், தன் பையை உங்களிடமே ஒப்படைத்துவிட்டு. இரண்டு பைகளுக்கும் நடுவே நின்று, நெற்றியில் கைவைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண் கிழவர்மேல்தான் என்று நினைத்தேன்.

நீங்கள் கண்ணை மூடினபிறகு உங்கள் சந்தேகம் முழுவதும் என்னிடம் வந்துவிட்டது. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிறேன். தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதில்லை. அப்பா மாதிரியே வந்துவிட்டீர்கள் என்று மகள் சிரிக்கிறாள்.

இன்று அவள் கோப்பி வாங்கப் போனதும், பையை மணலில் விட்டுவிட்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கினேன். ஒரு அலை தள்ளியது. பழக்கத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தேன். பை வைத்த இடத்திலேயே இருந்தது. அவ்வளவு சனத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் நிற்கவில்லை.

அன்று நீங்கள் சொன்னதை இப்போது நம்புகிறேன்.