ஓடாத தறியின் சத்தம்

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் தலைமையாசிரியை போன் செய்தார். எங்கள் பள்ளியின் பிளஸ் ஒன் பிள்ளைகள் கிரேஸும் சங்கீதாவும் டிவி வினாடி வினாவில் அரையிறுதிக்கு வந்துவிட்டார்களாம். சென்னைக்குத் துணையாக ஒரு பெரியவர் போக வேண்டும், நான் போக முடியுமா என்று கேட்டார். ஓய்வு பெற்றவளுக்கு என்ன வேலை? அரைக்கக் கொடுத்த மாவை வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். சரி என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பிள்ளைகளை அறிமுகப்படுத்த இரண்டு நிமிடப் படம் வேண்டுமென்று சேனலிலிருந்து வேன் வந்தது. பொறுப்பாளர் அஜித் என்ற இளைஞர். முதலில் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் கிரேஸ் அப்பா தாவீதின் ஏ.சி. பழுது பார்க்கும் கடை. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். செம்புக் குழாயைப் பற்றவைத்துக் காட்டினார், கிரேஸ் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தாள். வெகுநேரம் எடுத்தார்கள். அவருடைய அப்பா அதே ஊரில் ஊரார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். இவர் ஐ.டி.ஐ. படித்துக் கடை போட்டு, போர்டில் தன் பெயரை எழுதியிருக்கிறார். அந்தப் போர்டு தெரிகிற மாதிரி எடுங்கள் என்று மூன்று தடவை கேட்டார்.

பிறகு சங்கீதா வீடு. அவள் அப்பா குமரகுரு நெசவாளர். "அமாவாச சார் இன்னிக்கு. ஊர்ல ஒரு தறி ஓடாது" என்றார்.

"ஓட்ட வேணாங்க. ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சும்மா உக்காந்த மாதிரி ஒரு ஷாட்."

"நூல் ஓட்டற நாடாவத் தொடாம உக்காருங்க" என்று விட்டார். கிரேஸ் தறிக்குழியில் முதலில் இடது காலை விட்டதும், "ஏய், உனக்கு வலது கால் எதுன்னே தெரியாதாடி?" என்று சங்கீதா சிரித்தாள். இரண்டும் சிரித்துக்கொண்டே இருந்தன. சிரிக்காமல் கீழே பார்க்கச் சொன்னார் அஜித். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. அறிமுகப் படத்தில் பிள்ளை சிரித்தால் என்ன குறை?

ஏப்ரல் 30, புதன்

சென்னையில் பதிவு. ஜெயித்துவிட்டார்கள்! கடைசிக் கேள்விக்கு கிரேஸ் பொத்தானை அமுக்கிய வேகத்தில் என் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடியது.

மே 4, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

அரையிறுதி ஒளிபரப்பைத் தாவீது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். வாடிக்கையாளர் பாதிப் பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். படம் வந்தது. சோகமான இசை. "தறிக்குழியில் பிறந்த இரண்டு மகள்கள்" என்றது ஒரு குரல். ஒருவேளைச் சோற்றுக்காக விடிய விடிய நெய்துவிட்டுப் படிக்கிறார்களாம். பின்னணியில் சடக் சடக் என்று தறிச் சத்தம்! கடை இல்லை. போர்டு இல்லை. புதுச் சட்டை இல்லை. தாவீது என்று ஒரு மனிதரே இல்லை.

அவர் எழுந்து போய் வாசலில் நின்றார்.

வரைபடத்தில் ஒரு பிள்ளை பாலாற்றை இடம் மாற்றி வரைந்தால் அழித்து மறுபடி வரையச் சொல்வேன். ஒரு குடும்பத்தையே இடம் மாற்றி வரைந்தவனை என்ன செய்வது?

மே 5, திங்கள்

குமரகுருவுக்கும் நிம்மதி இல்லை. அமாவாசையன்று வேன் வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. டிவியிலோ தறி ஓடுகிறது. "காசுக்கு அமாவாசையிலயே தறி ஓட்டினியாமே?" என்று பங்காளிகள் போனில் கேட்கிறார்களாம். "சத்தியமா ஓட்டல டீச்சர். அந்தச் சத்தம் எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல" என்று என்னிடம் வந்து நிற்கிறார். மனிதர் முகம் கறுத்துவிட்டது.

கிரேஸை எதிர்வீட்டு எல்லம்மாள் விடவில்லை. "என்னாம்மா கிரேஸு, எனக்கொரு பட்டுப்பொடவ நெய்ஞ்சு குடேன்!"

அஜித்துக்குப் போன் செய்தேன்.

"காஞ்சிபுரம்னா பட்டுதானே மேடம். ஏ.சி. ரிப்பேர்ல என்ன எமோஷன் வரும்?"

எமோஷன்! நாற்பது டிகிரி வெயிலில் மாடி விளிம்பில் நின்று கேஸ் நிரப்புகிறவருக்கு உணர்ச்சி இல்லை, இவர் சேர்த்த சத்தத்துக்கு இருக்கிறது. இறுதிச் சுற்றில் திருத்திச் சொல்லுங்கள் என்றேன். "அது ஃபார்மேட்லயே இல்ல. பிரச்சனை பண்ணா டீமையே மாத்திடுவாங்க, பார்த்துக்கோங்க" என்றார். பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்து என்னை மிரட்டுகிறான்!

மே 6, செவ்வாய்

பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று தாவீதிடம் சொன்னேன். "வேணாம் டீச்சர். பொண்ணு ரெண்டு வருசமா இதுக்குன்னே படிச்சிக்கினு இருக்குது. எம்பேரு வரலன்னா என்னா, அது ஜெயிக்கட்டும்." கிரேஸ் தலை நிமிரவே இல்லை.

எழுதவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது.

மே 11, ஞாயிறு

இறுதிச் சுற்று. நேரடி ஒளிபரப்பு. நான் முன்வரிசையில்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கிரேஸ், இந்த வாரம் எத்தனை புடவை நெய்தீங்க?"

"ஒண்ணுகூட இல்ல சார். எனக்கு நெய்யவே தெரியாது."

அரங்கம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பா பேரு தாவீது. ஏ.சி. மெக்கானிக். ஓரிக்கையில சொந்தக் கடை. எங்க வீட்ல மூணு வேளையும் சாப்பிடறோம் சார். நீங்க காட்டினது இவ வீட்டுத் தறி."

சங்கீதா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "அதுவும் அன்னிக்கு ஓடல சார். அமாவாச. சத்தம் நீங்க போட்டது. எங்கப்பாவ ஊரே திட்டுது."

ஓரத்தில் அஜித் கையைக் காட்டிக்கொண்டிருந்தார், நிறுத்து நிறுத்து என்று. தொகுப்பாளர் அவசரமாக முதல் கேள்விக்குத் தாவினார்.

கிரேஸ் அந்தக் கேள்வியைத் தவறவிட்டாள். பொத்தானை அமுக்கப் பிந்திவிட்டாள். ஐந்து மதிப்பெண்ணில் கோப்பை போயிற்று. இரண்டாம் இடம்.

வேனில் திரும்பும்போது, "தோத்துட்டோம் டீச்சர்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மே 12, திங்கள்

குமரகுருவின் பங்காளி ஒருவர் மாம்பழத்தோடு அவர் வீட்டுக்கு வந்து போனாராம். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. மாம்பழம் நல்ல இனிப்பாம்.

மே 14, புதன்

அஜித் எனக்குப் போன் செய்தார். குரலில் அத்தனை தேன். பிள்ளைகள் மேடையில் பேசிய அந்தத் துண்டுப் படம் எல்லோர் போனிலும் சுற்றுகிறதாம். தாவீதின் கடையிலேயே சிறப்பு நிகழ்ச்சி எடுக்க வேண்டுமாம், நாளைக்கே வருகிறார்களாம். அவரிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று ஓரிக்கைக்குப் போனேன்.

தாவீது ஏணி மேல் இருந்தார். கடை வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார்.

"மே மாசம் டீச்சர். மூச்சு விட நேரமில்ல. ஐப்பசில வரச் சொல்லுங்க. மழ பெய்யும்போதுதான் எனக்கு வேல கம்மி."