கொடிக்காரன் பாட்டு

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்தானே? மாப்பிள்ளைக்கு முதுகுவலி குறைந்ததா? இங்கே எனக்குத்தான் தலைவலி. நம் மலைநாட்டுக் கதையின் கடைசிப் பாகத்தை இன்னும் எழுதியே முடிக்கவில்லை. அதற்குள், ராணியை அவளுடைய கொடிக்காரனே கொல்லப்போகிறான் என்று வாசகர்கள் இணையத்தில் எழுதித் தள்ளுகிறார்கள். பதிப்பாளரிடம்கூட இந்த முடிவைப்பற்றி நான் மூச்சு விடவில்லை. கதையில் வரும் பாட்டெல்லாம் நீ எழுதுவதால் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். யாரிடமாவது வாய்தவறி உளறினாயா? கோபிக்க மாட்டேன், உண்மையைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவருக்குத் தேவலை, நடக்கிறார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் பாகத்தில் படகுக்காரர்கள் துடுப்புப் போட்டபடி பாடுவார்களே, 'கொடியைத் தூக்கின கையேதான் குடையைச் சாய்க்கும் ஏலேலோ' என்று? குடை என்றால் ராணிதான் என்று வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த மாதிரிக் கதையில் பாட்டு சும்மா வராது, அண்ணா. யார் சாவார், எந்தக் கோட்டை எரியும் என்று முன்னாலேயே முணுமுணுத்துவிடும். அப்போதுதான் கடைசியில் வாசகருக்கு ஏமாந்த மாதிரி இருக்காது.

'பிரமாதம்' என்று சொல்லித்தானே அச்சுக்குக் கொடுத்தாய்? படிக்காமலா சொன்னாய்?

அன்புடன்,
தங்கை

மார்ச் 19

தங்கச்சிக்கு,

எடுத்துப் பார்த்தேன். நீ சொன்ன வரி இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அட்டையில் உன் பேர் போடவில்லை என்று அப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அந்த ஆத்திரத்தில் என் முடிவைக் கெடுக்கத்தான் இதை வைத்தாயா? அண்ணி என்னைத் திட்டுகிறாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இரண்டாம் பாகத்துத் தாலாட்டிலும் ஏதோ இருக்கிற மாதிரி படுகிறது. எல்லாப் பாட்டையும் பென்சிலோடு படித்துக்கொண்டிருக்கிறேன்.

ராணி செத்ததும் படை பாடும் பாட்டைச் சீக்கிரம் அனுப்பு. அதையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

ஒருவழியாக என் பாட்டைப் படிக்கிறாய். சந்தோஷம். தாலாட்டில் ஒன்றும் இல்லை, அண்ணா. பிள்ளை தூங்கவில்லை, தாய் பாடுகிறாள், அவ்வளவுதான்.

ராணிக்காக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வரி வந்ததுமே, இதை எதற்கு வைத்தாள் என்று நீ கேட்பாயோ என்று தோன்றியது. அடுத்த வரி உனக்குப் பதில் சொல்லப் போய்விட்டது. எழுதினதைப் படித்தால், நான் கூண்டில் நின்று சாட்சி சொல்வது போல இருக்கிறது. படை பாடுகிற மாதிரியே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். ராணி பாட்டில்லாமலே சாகட்டும்.

தங்கை