பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அழைப்பு

8 பெப்ரவரி 2024, வியாழன்

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கி இந்த மாதத்தோடு மூன்று வருடம். திங்களும் வியாழனும் பசறையிலிருந்து முதல் பஸ். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு, நாலு மணித்தியாலம் படுத்துக் கிடந்து மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ஸகீனா. பதுளை டவுனில் தையல் தைப்பவள், என்னைவிட ஐந்து வயது இளையவள். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. முதல் நாள் ஊசியைப் பார்த்து அழுதவளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

இன்று படுத்த உடனேயே சொன்னாள். "அக்கா, றில்வான் நானாட டெஸ்ட் எல்லாம் வந்துட்டு. பொருந்துதாம். அவர்ட கிட்னிய எனக்குத் தாராராம்."

"ஸ்தோத்திரம்" என்றேன். கூடப்பிறந்த அண்ணன். பிறகு அவள் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை.

எனக்கு மூன்று வருடம். அவளுக்கு எட்டு மாதம்.

11 பெப்ரவரி, ஞாயிறு

பாஸ்டர் இன்று காத்திருப்பதைப் பற்றிப் பேசினார். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நோய் கண்ட புதிதில், சபையில் தனியாக முழங்காலில் இருந்தபோது எனக்குள் ஒரு வார்த்தை வந்தது. நீ பிழைப்பாய், உன் மகளின் கலியாணத்தில் நிற்பாய். காதால் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது என் சொந்த நினைப்பு இல்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். லூக்காஸ் அழுதார். இவருக்குச் சீனி வருத்தம், இவரால் சிறுநீரகம் தர முடியாது. ஜெசிந்தினிக்குப் பதினைந்து வயது. கூடப்பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை. இறந்துபோகிற யாருடைய சிறுநீரகமாவது கிடைக்குமா என்று கண்டி ஆஸ்பத்திரியில் பேர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

சொன்னதையெல்லாம் கேட்டேனே ஆண்டவரே? ஒரு நாளைக்கு அரை லீட்டர் தண்ணீர் என்று டாக்டர் சொன்னதைக்கூட நீர் சொன்னதாகத்தானே எடுத்துக்கொண்டேன்? எங்களுக்கு ஆகாத பலாக்கொட்டையைக் கள்ளமாய்த் தின்றுவிட்டு என்னிடம் சிரித்தவள் ஸகீனா.

தோட்டத்து லயத்துக்கு வருகிற கடிதம் ஆள் மாறிப் போவதுண்டு. அப்படித்தான் எனக்கு வரவேண்டியது அவளுக்குப் போய்விட்டதா?

15 பெப்ரவரி, வியாழன்

அவள் குரலே பிடிக்கவில்லை. தலைவலி என்று முகத்தை மூடிக்கொண்டேன். நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு போர்வை வாங்கிக் கொடுத்தாள். அதற்கும் எரிச்சல்.

2 மார்ச், சனி

எழுதத்தான் வேண்டும்.

ஸகீனாவின் ஃபோன் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறது. கண்டியோடு பேசிப் பழகியவள் நான் என்று, அது வரும்வரைக்கும் என் நம்பரைக் கண்டிக்குக் கொடுத்திருந்தாள். காலை பத்து மணிக்கு அங்கிருந்து அழைப்பு. அடுத்த வாரம் ஒருவருக்கு இருந்த ஒப்பரேஷன் தள்ளிப்போய்விட்டதாம். அந்த இடத்தில் ஸகீனாவைச் சேர்க்கலாமாம். அவளும் அண்ணனும் நாளைக்கே வந்து வாட்டில் சேர முடியுமா என்று இன்று நாலு மணிக்குள் சொல்லவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"சொல்றேங்க மிஸ்" என்றேன்.

றில்வானின் கடை நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் போதும். ஃபோனை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு உடுப்புத் துவைக்கப் போனேன். ஒவ்வொரு உடுப்புக்கும் 'இப்போது சொல், இப்போது சொல்' என்று உள்ளே கேட்டது. கேட்கவில்லை என்று பொய் எழுதமாட்டேன். கேட்டது.

நாலு மணி தாண்டிவிட்டது.

3 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து பின்னேரம் றில்வானுக்கு ஃபோன் எடுத்தேன். நேற்று முழுக்க சிக்னல் இல்லை, இப்போதுதான் தெரிந்தது என்றேன்.  "பரவால்ல அக்கா. அல்லாஹ்ட நாட்டம் அப்பிடி" என்றார்.

பாட்டுப் பாடிவிட்டு வந்த வாயாலேயே சொன்ன பொய்.

4 மார்ச், திங்கள்

மே மாதம்தான் இனி இடமாம். ஸகீனா என்னைத் தேற்றுகிறாள்! "உங்கட லயத்துல எப்பவும் சிக்னல் பிரச்சினதானே. நீங்க யோசிக்காதீங்க அக்கா."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளும் காத்திருக்கிறாள் என்ற நிம்மதி. இதை எழுதும்போதே என்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

28 மார்ச், வியாழன்

ஸகீனாவின் கட்டில் காலி. நுரையீரலில் நீர் கட்டி, மூச்சு எடுக்க முடியாமல் நேற்றுக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேறு வாட்டில், ஒட்சிசனோடு. அவள் உம்மா வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைக்கு துஆ கேளுங்க மகள். நீங்க கேட்டா கெடைக்கும்."

அந்தத் தேதியில் ஒப்பரேஷன் நடந்திருந்தால் இதற்குள் வீட்டுக்கே வந்திருப்பாள்.

ஐயோ, நான் என்ன செஞ்சுட்டேன். பாவி, என்ன செஞ்சுட்டேன் –

29 மார்ச், பெரிய வெள்ளி

சபையில் முழங்காலில் நின்றேன். வழக்கம்போல என் வாக்குத்தத்தத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. 'சொல்' என்று அன்றைக்குக் கேட்ட அதே வார்த்தைதான் இன்றைக்கும். வேறொன்றும் இல்லை. மூன்று வருடமாக அவருடைய வார்த்தைக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வார்த்தை வந்த அன்றைக்கு அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம், பவுலினா? அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"அவ மன்னிக்கலேன்னா?"

"மன்னிக்கலேன்னாலும் சொல்லு."

1 ஏப்ரல், திங்கள்

அவளைத் திரும்பப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முகம் வற்றிப்போயிருந்தது. மெஷின் போட்டதும் சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே கண்டியிலிருந்து அழைப்பு வந்தது, சிக்னல் இருந்தது, நான்தான் சொல்லவில்லை என்று.

விளங்கவில்லை போலப் பார்த்தாள். "ஏன் அக்கா?"

 "எனக்குத் தாங்கல, ஸகீனா."

"பொறாமையா?"

"ஆமா."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் ஊசி இருக்கும்போது அப்படித் திரும்பிப் படுப்பது வலிக்கும். நாலு மணித்தியாலமும் அப்படியே கிடந்தாள்.

15 ஏப்ரல், திங்கள்

பெருநாள் முடிந்து வந்தவள் கட்டிலை மாற்றிக் கேட்டிருக்கிறாள். இப்போது மூலையில் படுக்கிறாள். அவள் கேட்டது நியாயம்.

22 ஏப்ரல், திங்கள்

எனக்குக் கிடைக்காததை இன்னொருத்திக்குத் தரச்சொல்லி எப்படிக் கேட்பது என்று பாஸ்டரிடம் கேட்டேன். "கசப்பு போகட்டும்னு காத்திருக்காதீங்க. கசப்போடயே கேளுங்க" என்றார்.

கேட்டேன். அவள் பேரைச் சொல்லி. பல்லைக் கடித்துக்கொண்டு.

7 மே, செவ்வாய்

இன்றுதான் ஒப்பரேஷன். மிஸ்ஸி சொல்லித்தான் எனக்கே தெரியும். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற சங்கு ஊதியது, இவர் வந்தார், சோறு ஆக்கினேன். ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. ஸகீனா. றில்வான். ஸகீனா. றில்வான்.

9 மே, வியாழன்

அண்ணன் தங்கை இரண்டு பேரும் நல்லாயிருக்கிறார்களாம். அழுதேன். சந்தோஷம் எவ்வளவு, ஆற்றாமை எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

24 ஜூன், திங்கள்

ஒரு தகவலும் இல்லை. நானும் அவளுக்கு ஃபோன் எடுக்கவில்லை. எடுக்க எனக்கு உரிமை இல்லை.

அவளுக்காகத் தினமும் கேட்கிறேன். பல்லைக் கடிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

15 ஆகஸ்ட், வியாழன்

மெஷினில் படுத்திருக்கும்போது வாசலில் றில்வான். மெலிந்திருந்தாலும் நல்ல நடை. தங்கச்சி சலாம் சொல்லச் சொன்னாளாம். "ஞாயித்துக்கிழம ஊட்டுக்கு வர ஏலுமான்னு கேட்டா. வருவீங்களா அக்கா?"

தலையை ஆட்டினேன். 

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு ஸகீனாவே கதவைத் திறந்தாள். கவசத்துக்கு மேலும் தெரிகிற அளவுக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது.  வாசலிலேயே நின்று சொன்னாள்: "அந்த நாள நெனச்சா எனக்கு இன்னும் வலிக்குது அக்கா. இல்லேன்னு சொல்ல ஏலா. ஆனா மொத நாள் நான் அழுதப்போ என்ட கையப் புடிச்சது வேற யாரும் இல்லதானே. உள்ளுக்கு வாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழும்பி உள்ளே போனாள். வந்தாள். கால் மணித்தியாலத்தில் திரும்பவும் போனாள். மூன்றாவது தடவை எழும்பும்போது அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "என்ன செய்ய அக்கா, நானாட கிட்னி அவரப்போலயே, சும்மா இருக்காது." எனக்குச் சிறுநீர் நின்று இரண்டு வருடமாகிறது. எங்கள் வாட்டில் கிடப்பவர்களுக்குத்தான் தெரியும் சிறுநீர் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று. உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இதற்குமா பொறாமைப்படுவது என்று நினைத்தேன். நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கண்டுகொண்டாள். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க, நானும் சிரிக்க, என்னவோ ஏதோவென்று அவள் உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். நாளைக்குத் திங்கள். மெஷின் இருக்கிறது. கண்டியிலிருந்து எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணை மூடி ஸகீனாவுக்காக வேண்டினேன். அவள் தையலுக்கு, றில்வானின் உடம்புக்கு, அந்த உம்மாவுக்கு. ஆமென் சொல்லிவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பசறையில் இறங்கி நடக்கும்போதுதான் நினைவு வந்தது. எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் இன்றைக்குத்தான் மறந்திருக்கிறேன்.