வராந்தாக் கோடியில் கட்டிய பென்சில்

அனுப்புநர்:
ஆறாம் கட்டில் நோயாளி (ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆபரேட்டர்),
ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை அலுவலகம், தரைத்தளம்.

பொருள்: வார்டு செவிலியர் மீது என் மைத்துனர் கொடுத்த புகாரின் மீது, நான் கொடுக்கும் புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரைப்பைப் புற்றுநோய்க்காக எனக்கு முக்கால் வயிறு எடுக்கப்பட்டு இன்று ஒன்பதாம் நாள். முப்பத்தோரு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஏழு மாடி ஏறி இறங்கியவன் நான். அப்படிப்பட்டவனை, தையல் போட்ட மறுநாள் காலையே மேற்படி செவிலியர் எழுப்பி நடக்கவிட்டார். "வலி மருந்து வேலை செய்யும்போதே நடந்துடணும் அப்பா" என்றார். நடைக் கணக்கு அட்டையை வராந்தாவின் மறுகோடிச் சுவரில் மாட்டி, பென்சிலையும் அங்கேயே நூலில் கட்டிவைத்தார். ஒவ்வொரு நடைக்கும் நாமே போய்க் கோடு போட வேண்டும். படுத்துக்கொண்டே கள்ளக்கணக்கு எழுத வழியே இல்லை.

2. மேலும், மூன்று பந்துகள் உள்ள குழாயைக் கையில் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்துகளைத் தூக்கச் சொன்னார். குடல் விழித்துக்கொள்ளுமென்று, அறுபத்து நான்கு வயதில் என்னைச் சூயிங்கம் மெல்லவைத்தார். காற்றுப் பிரிந்ததா என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி தினமும் விசாரித்தார். பிரிந்த அன்று ஊரைக் கூட்டாத குறையாக மகிழ்ந்தார். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

3. ஐந்தாம் நாள், வறுத்த கோழிக்கால் இரண்டை மைத்துனர் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். "பத்தியம் பத்தியம்னு அத்தானைப் பட்டினி போடுறாங்க" என்பது அவர் கட்சி. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை என்று செவிலியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், படிக்கட்டு மறைவில் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தேன். அரைமணியில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வராந்தாவில் சுருண்டு விழுந்தேன். ஓடிவந்து என்னைத் தாங்கிக்கொண்ட செவிலியர், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சூப் மட்டும் என்றேன். மைத்துனரோ, நடக்கவைத்ததால்தான் விழுந்தார் என்று தங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

4. மறுநாளே செவிலியர் துணி அறைக்கு மாற்றப்பட்டார். விசாரணை முடியும்வரை போர்வை எண்ணுகிறார். இப்போது வார்டில் எங்களுக்கு ராஜமரியாதை, யாரும் எழுப்புவதில்லை. ஒன்பதாம் கட்டில் தச்சர் படுத்தே கிடந்து நெஞ்சில் சளி கட்டி, நேற்றிலிருந்து காய்ச்சல். செவிலியர் இருந்திருந்தால் தச்சரும் இந்நேரம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்திருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஐயா. புற்றுநோய் என்றதும் வீட்டில் எல்லோரும் என்னைப் பாதிப் பிணமாகப் பார்த்தார்கள். எழுந்து நடக்கப் போகிறவனாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

5. ஆகவே குற்றவாளி நானே. சாட்சியாக எலும்புகள் இரண்டும் மூன்றாம் ஜன்னல் பூந்தொட்டியில் புதைந்துள்ளன, தோண்டிப் பார்க்கலாம். மைத்துனரின் புகாரைத் தள்ளுபடி செய்து, செவிலியரை இன்றே வார்டுக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்பதை அவரே முடிவு செய்யட்டும். முதலில் தச்சரைப் பார்த்துவிட்டு வரட்டும்.

பென்சிலில் எழுதியதற்கு மன்னிக்கவும். பேனா கேட்டால், "நாளைக்கு எழுதலாம், படுங்க" என்கிறார்கள். அதிக நேரம் நிற்கத் தையல் விடவில்லை. அதனால் ஒரு பத்தி எழுதுவதும், கட்டிலுக்குப் போய்ப் படுப்பதும், திரும்ப வருவதுமாக எழுதி முடித்தேன். அட்டையில் ஐந்து கோடு போட்டிருக்கிறேன். இந்தப் பத்தியோடு ஆறு. அவர் வந்ததும் சரிபார்த்துக்கொள்ளட்டும். சூப் விஷயத்தில்தான் பொய் சொன்னேன், இதில் இல்லை.

இடம்: வராந்தாவின் மறுகோடி
நாள்: அறுவைக்குப் பின் ஒன்பதாம் நாள்

இப்படிக்கு, நின்றபடி,
(ஒப்பம்) ஆறாம் கட்டில்