பரண் மேல் இருந்த ஊறுகாய் ஜாடி

மாமா,

இன்று காலையும் நம் மகள் கயலின் மாத்திரை டப்பாவைத் திறந்ததும் கூடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவள், நேராக ஊறுகாய் ஜாடிக்குக் கையை நீட்டினாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று வயதில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். சோற்றைத் தள்ளிவிட்டு உப்பை நக்குவாள். கெட்ட பழக்கம் என்று ஜாடியைப் பரண் மேல் ஏற்றி வைத்தவள் நான். ஆவடியில் வேலை முடிந்து வந்ததும் நீங்கள் அவளைத் தோளில் தூக்கிப் பரணை எட்டவைப்பீர்கள். கையும் களவுமாகப் பிடித்த அன்று, "வுடு புள்ள. கொயந்த இன்னா நகையா கேக்குது? ஒரு துண்டு மாங்கா" என்றீர்கள். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை நான்.

அப்புறம்தான் டாக்டரம்மா சொன்னார். அவள் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் விட்டுவிடுகிறது, உடம்புதான் கேட்கிறது என்று. பரம்பரை நோய், அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதான மரபணு ஒவ்வொன்று வந்திருக்கிறது. அத்தை மகனான உங்களையே கட்டியவள் நான், இருவருக்கும் ஒரே வம்சம். ஆனாலும் கோவில்பதாகையில் இருக்கும் சொந்தமெல்லாம் குறை பெண் பக்கம்தான் என்றது. "பாதி அவளுது, பாதி என்னுது. இதுல உங்களுக்கு இன்னா?" என்று எல்லோர் வாயையும் அடைத்தீர்கள்.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் மாரடைப்பு கொண்டுபோனது. இரண்டு வருடமாகியும், நீங்கள் வரும் அந்தச் சாயங்கால ரயிலின் சத்தம் கேட்டால் உங்களுக்கென்று தண்ணீர் மொண்டு வைக்கிறேன்.

போன வாரம் டாக்டரம்மா இந்த நோய்க்கான ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை செல்களையே எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்து, திரும்ப அவர்களுக்கே ஏற்றுகிறார்களாம். வெளிநாட்டில் சிலருக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கே எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை கயலின் சிறுநீரகம் தாங்க வேண்டும். தாங்குமா என்ற பயத்தில்தான் என் ஒவ்வொரு நாளும் போகிறது.

கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். "அப்ப அவங்க அப்பா குடுத்தது போயிடுமா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "போகாதும்மா. புதுசா ஒண்ணு சேர்க்கிறாங்க, அவ்வளவுதான். பழசு அங்கயேதான் இருக்கும்."

பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன் மாமா. நோய் போக வேண்டும். நீங்கள் போகக் கூடாது.

காலையில் நடந்ததை முடிக்கவில்லையே. "போதும்டி" என்று ஜாடியை மூடப் போனேன். கயல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "வுடும்மா, ஒரு துண்டுதானே" என்றாள். இன்னொன்று எடுத்து வைத்தேன்.