ஆலமரக் கோயிலில் பூக்கேட்டது

சிரம்பானில் உத்தியோகம் பார்க்கும் அருமை மகன் பஞ்சலிங்கத்துக்கு, வட்டுக்கோட்டையிலிருந்து அம்மா நல்லம்மா எழுதுவிப்பது. முதற்கண் சகல சனங்களும் அறியவேண்டிய பெருஞ்செய்தி: நமது வெள்ளாடு நேற்று என் சரித்திரப் புத்தகத்தைத் தின்று தீர்த்து, இப்போது இந்த வீட்டிலேயே அதிகம் படித்த சீவனாக உலாவுகிறது. (அண்ணை, இது அம்மா சொன்னதல்ல. அவ சொல்லச் சொல்ல எழுதும் உங்கள் தம்பி சேர்த்தது.) நாங்கள் சுகமாயிருக்கிறோம், உன் சுகத்தையும் நல்லூரான் பார்த்துக்கொள்வான்.

இனி அம்மா சொல்வது. மகனே, உன் ஐயாவின் தம்பி, அந்தக் குஞ்சியப்பு, இனி நமக்கு உறவில்லை. ஆலமரம் மூடிக் கிடக்கும் பழங்கோயில் உனக்கு ஞாபகமிருக்கும், நீ பிறக்கவேண்டுமென்று நான் நேர்த்தி வைத்த இடம், அந்த மரத்தைத் தறித்துக் கல்லையெல்லாம் பெயர்த்துத் தூர்ந்துபோன தன் கிணற்றைக் கட்டப் போகிறாராம். கேட்கப் போனால், "அங்கை வௌவால்தான் பூசை செய்யுது மச்சாள், என்ரை மிளகாய்க்கண்டுக்குத் தண்ணி வேணும்" என்கிறார். என்ரை மனிசன் இருந்திருந்தால் உந்த நாக்கு நீளுமோ என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். (இதற்குமேல் அம்மா சொன்னதை எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொடமாட்டார்.) கடைசியில் சாமியிடமே பூக்கேட்பதென்று ஐயர் முடிவு சொன்னார். சிவப்பொன்றும் வெள்ளையொன்றுமாய் இரண்டு பூவைத் தனித்தனி இலையில் பொட்டலங்கட்டிச் சாமிமுன் வைத்து, ஒரு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது. செவ்வரத்தை வந்தால் தறிக்கலாம், நந்தியாவட்டை வந்தால் ஒருவரும் கைவைக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை போனோம். வாசலைக் காணவில்லை, விழுதுகளை விலக்கித்தான் உள்ளே நுழைந்தோம், மூலத்தானத்துச் சுவரை வேர்தான் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்கிறது. உந்தக் குஞ்சியப்புவோ கோடரியும் கையுமாய் வந்து நின்றார், அவ்வளவு அவசரம். அவருடைய சின்ன மகள் பத்மாசினியே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நந்தியாவட்டை. மனிதர் கோடரியைக் கீழே வைத்தார். இனி உவருக்கு நீ ஒரு வரியும் எழுதாதே, வருசப்பிறப்புக்கு உடுப்பு அனுப்பும்போது அந்த வீட்டுக்கு ஒரு முழத் துணியும் வேண்டாம். வயிறு காயாமல் சாப்பிடு, வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடாதே, மழையில் நனையாதே. அந்த ஆலடிச் சிவன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருப்பார்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
நல்லம்மா

அண்ணை, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டா. சிவனுக்கு உதவி செய்தவன் நான். இரண்டு பூவரசம் இலையிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன், எதை எடுத்தாலும் வெள்ளைதான். வட்டுக்கோட்டையில் எனக்கு மிஞ்சிய மூளைக்காரன் இல்லையென்று எழுதத்தான் இந்த இடத்தை மிச்சம் விட்டேன்.

ஆனால் எழுத வெட்கமாயிருக்கிறது. பொட்டலம் கட்டும் வேலையை எனக்குத் தந்ததே குஞ்சியப்புதான், "அண்ணரின்ரை பொடியன், கள்ளம் செய்யமாட்டான்" என்று ஐயரிடம் சொல்லித் தந்தார். எல்லாரும் வெளியே போனபின் அவர் குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். ஓடப் பார்த்தேன், விழுது மறித்தது. என் காதைக்கூட அவர் பிடிக்கவில்லை. பூவை மடியில் செருகிக்கொண்டு, "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. மனிசி சந்தோசமாய்ப் போறா, போகட்டும்" என்றார். இன்றைக்குத் தன் தூர்ந்த கிணற்றில் தனியே இறங்கி மண் அள்ளுகிறார், சரிந்த பக்கத்துக்குப் பனங்குற்றி முண்டு கொடுத்திருக்கிறார். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் இறங்கப் போகிறேன். அம்மாவுக்கு என்ன பொய் சொல்லுவதென்றுதான் இன்னும் தெரியவில்லை.

தம்பிஐயா